புரதத்தின் வடிவம் தெரிந்தால் வைரஸ் மருந்து எப்படிக் கிடைக்கிறது?

வைரஸின் புரதத்திலுள்ள குழியை அணு அணுவாக அளந்து, அதில் கச்சிதமாக உட்காரும் மூலக்கூறைச் செய்வதுதான் வடிவம் பார்த்து மருந்து வடிவமைக்கும் முறை.

ஃப்ளூ வைரஸையே எடுத்துக்கொள்வோம். பெருகி வெளியே வரும் புது வைரஸ்கள், பலாப்பால் பட்ட விரல் மாதிரி, செல்லின் மேலுள்ள சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை வகைப் பொருளில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிணைப்பை வெட்டிவிடும் கத்தரிக்கோல், வைரஸின் புரதமான நியூராமினிடேஸ் என்ற நொதி. 1983-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதன் படிகத்தில் எக்ஸ் கதிர் பாய்ச்சிக் கண்ட வடிவத்தை வெளியிட்டார்கள். குழியின் ஒரு மூலையில் எதிர்மின்னூட்டம். சியாலிக் அமிலத்தின் சாயலுள்ள மூலக்கூறில் ஹைட்ராக்சில் என்ற சிறு அணுத்தொகுதி ஒன்றைக் கழற்றி, நேர்மின்னூட்டமுள்ள குவானிடினோ தொகுதியை மாட்டினார்கள். பிடி பல மடங்கு இறுகியது. கத்தரியின் அலகுகளுக்கு நடுவே கல் சிக்கியது போல. அதுவே ஜனாமிவிர்.

இதை விழுங்கினால் குடல் சரியாக உறிஞ்சாது, அதனால் பெரும்பாலும் பொடியாக உள்ளிழுக்க வேண்டும். இதே நொதியைத் தடுக்கும், விழுங்கக்கூடிய இன்னொரு மருந்தான ஓசெல்டாமிவிருக்கு வேறு தொல்லை: குழி சற்று விலகி இடம் தர வேண்டும். எச்1என்1 வகை ஃப்ளூவில் இந்தப் புரதச் சங்கிலியின் 275-ஆம் இடத்திலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் டைரோசினாக மாறினால் அந்த விலகல் நடக்காது, மருந்தின் பிடி நழுவிவிடும்.

பலர் நினைப்பதுபோல் இவை வைரஸைக் கொல்வதில்லை. செல்லிலிருந்து செல்லுக்குப் பரவுவதைத் தடுப்பதால், அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் நல்ல பலன்.