உரிமைக்கோரலில் ஒரு சொல்: மேல்முறையீட்டுக் கேள்விகள்

கேள்வி (பாலக்கோடு): புளியங்கொட்டை நீக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை கோரினேன். பழைய இயந்திரம் ஒன்றிலும் ‘உருளை’ இருப்பதாகக் கூறி மறுத்துவிட்டார்கள். என் உருளை ரப்பர் உறையிட்டது என்பது விவரக்குறிப்பிலேயே இருக்கிறது. மேல்முறையீட்டில் அதைக் காட்டினால் போதாதா?

பதில்: போதாது. பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷியாம் வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம், முதலில் விவரணையை (விவரக்குறிப்பில் கண்டுபிடிப்பை விளக்கும் பகுதியை)ப் படித்து மனத்தைத் தயார்ப்படுத்திக்கொண்ட பிறகே உரிமைக்கோரலுக்கு, அதாவது எதற்குப் பாதுகாப்புக் கேட்கிறீர்கள் என்று வரையறுக்கும் பகுதிக்கு, வர வேண்டும் என்றது. ஆனால் விவரணை ஒரு சொல்லின் பொருளை விளக்குமே தவிர, உரிமைக்கோரலில் எழுதாத வரம்பை அதற்குள் புகுத்தாது. ‘உருளை என்பது ரப்பர் உறையிட்டதையே குறிக்கும்’ என நீங்கள் வரையறுத்திருந்தால் வாதம் நிற்கும்; ‘ஒரு வடிவத்தில் ரப்பர் உறை இடலாம்’ என்று எழுதியிருந்தால், உறையில்லாத உருளையும் உண்டு என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். துணை உரிமைக்கோரல் (முதன்மைக் கோரலைச் சார்ந்து கூடுதல் அம்சம் சேர்ப்பது) ஒன்றில் ரப்பர் உறையைத் தனியாகச் சேர்த்திருந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் முதன்மைக் கோரலில் அது கட்டாயமில்லை என்றுதான் படிக்கத் தோன்றும்.

ஆகவே வாதத்தோடு, கோரலை ரப்பர் உறையிட்ட உருளையாகச் சுருக்கும் திருத்தத்துக்கும் அனுமதி கேளுங்கள். காப்புரிமைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு முந்தைய வரம்புக்குள் முழுமையாக அடங்கும் திருத்தத்தையே ஏற்கும், உங்களுடையது அடங்கும். புதுமை கிடைத்தாலும், துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றாத மாற்றமா என்ற கேள்வி மிஞ்சும். கொட்டை உடையாமல் வருவதற்கு அந்த உறையே காரணம் என்று விவரணையில் எழுதியிருக்கிறீர்களா எனப் பாருங்கள்.

கேள்வி (ஓசூர்): உரிமைக்கோரலில் எழுதும் ‘கம்ப்ரைசிங்’ (comprising), ‘கன்சிஸ்டிங் ஆஃப்’ (consisting of) இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் தாக்கலாக வேண்டும் என்பதால், தமிழில் இரண்டையும் ‘கொண்ட’ என்று பெயர்த்துப் பார்ப்பதில் பயனில்லை. முன்னது, சொன்ன பாகங்களுடன் வேறு பாகங்களும் இருக்கலாம் என்று திறந்து விடுகிறது; பின்னது பட்டியலை மூடிவிடுகிறது. திறந்த சொல் போட்டியாளரைப் பிடிக்க உதவும், ஆனால் கூடுதல் பாகமுள்ள பழைய கருவியும் அதே சொல்லால் உங்கள் மேல் பாயும்.

கேள்வி (பர்கூர்): மாங்கூழ் பதப்படுத்தலில் ‘சுமார் 90 டிகிரி’ என்றால் எவ்வளவு?

பதில்: அகராதியிடம் போகாதீர்கள். விவரணையின் சோதனை எண்களையும், அத்தொழில் தெரிந்தவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பதையும் பாருங்கள். இரண்டும் உதவாவிட்டால், 10(5) பிரிவின்படி கோரல் தெளிவற்றது என்ற ஆட்சேபம் எழும்.

கேள்வி (தருமபுரி): மேல்முறையீடு எங்கே, எப்போது?

பதில்: அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டதால், சென்னைக் காப்புரிமை அலுவலகத்தின் உத்தரவுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில், 117அ பிரிவின்படி 3 மாதத்துக்குள்.