ஞாயிறு காலைக் கேள்விகள்

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சிக்கு வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. ஞாயிறு காலை காபியோடு என்பிசியின் அரசியல் பேட்டி நிகழ்ச்சியான 'மீட் தி பிரஸ்' பார்ப்பது வழக்கம். டிம் ரஸ்ஸர்ட் நெறியாளராக இருந்த காலத்தில் அரசியல்வாதிகள் நடுங்குவார்கள். இப்போது அந்தக் காரம் இல்லை. கல்லூரியில் படிக்கும் மகனோ, "அப்பவும் அது நாடகம்தான்பா" என்கிறான். கிறிஸ்டன் வெல்கர் முதல் பெண் நெறியாளராக வந்தபோது ஏதாவது மாறும் என்று நினைத்தேன். நீங்கள் யார் பக்கம்?

கே.எஸ்.

அன்புள்ள கே.எஸ்.,

உங்கள் மகன் பக்கம் பலமான சாட்சி ஒன்று இருக்கிறது. 2007இல், துணை அதிபர் டிக் செனியின் தலைமை உதவியாளராக இருந்த ஸ்கூட்டர் லிபி மீதான பொய்ச் சாட்சி வழக்கில், செனியிடம் ஊடகப் பொறுப்பில் இருந்த கேத்தி மார்ட்டின் சாட்சி சொன்னார். செனியை 'மீட் தி பிரஸ்'ஸுக்கு அனுப்பினால் என்ன சாதகம் என்று அவர் குறித்துவைத்த தாள் நீதிமன்றத்தில் காட்டப்பட்டது. சொல்லவேண்டிய செய்தியை நம் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளலாம் என்பது அதில் ஒன்று. ரஸ்ஸர்ட் கொடிகட்டிப் பறந்த காலத்து நிகழ்ச்சியைப் பற்றித்தான் இது. நடுங்கியவர்கள் எழுதுகிற குறிப்பு மாதிரியா இருக்கிறது? (அதே வழக்கில் ரஸ்ஸர்ட்டும் கூண்டேறிச் சாட்சி சொன்னார். அது தனிக்கதை.)

ஆனாலும் நாடகம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. 2003 மார்ச் 16 அன்று செனி வந்து உட்கார்ந்தார். ஈராக் மக்கள் நம்மை மீட்க வந்தவர்களாக இல்லாமல் பிடிக்க வந்தவர்களாகப் பார்த்து எதிர்த்தால், நீண்ட, ரத்தம் சிந்தும் சண்டைக்கு அமெரிக்கர்கள் தயாரா என்று ரஸ்ஸர்ட் கேட்டார். அப்படி ஆகும் என்று தோன்றவில்லை, மீட்க வந்தவர்களாகவே வரவேற்பார்கள் என்றார் செனி. இதைவிடச் சரியான கேள்வியை அன்று யார் கேட்டிருக்க முடியும்? மூன்று நாளில் போர் தொடங்கிவிட்டது. ஆனால் அந்தப் பதில் செனியை விடவேயில்லை. ஈராக் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் அதை எடுத்துப்போடுகிறார்கள்.

ரஸ்ஸர்ட் சட்டம் படித்தவர். செனட்டர் மொய்னிஹானிடமும் நியூயார்க் ஆளுநர் மரியோ குவோமோவிடமும் வேலை பார்த்துவிட்டு வந்தவர். விருந்தினர் எப்போதோ சொன்னதைத் திரையில் எழுத்தாகப் போட்டுவிட்டு, அப்புறம்தான் வாயைத் திறப்பார். உங்களுக்குக் காரமாகப் பட்டது அவர் குரல் இல்லை, திரையில் வந்த அந்தப் பழைய வார்த்தைகள்தான் என்று நினைக்கிறேன்.

இந்த நிகழ்ச்சியில் சொன்ன சொல் நீதிமன்றம் வரை போனதும் உண்டு. 1948இல், வெளியுறவுத் துறை முன்னாள் அதிகாரி ஆல்ஜர் ஹிஸ் கம்யூனிஸ்ட் என்று, முன்னாள் கம்யூனிஸ்டான விட்டேக்கர் சேம்பர்ஸ் அமெரிக்க நாடாளுமன்றக் (காங்கிரஸ்) குழுவின் முன் சொன்னார். அங்கே பேசியதற்கு வழக்குப் போட முடியாது. வெளியே வந்து சொல் பார்க்கலாம் என்றார் ஹிஸ். ஆகஸ்ட் 27 அன்று இந்த நிகழ்ச்சியின் வானொலி வடிவத்தில் சேம்பர்ஸ் அதையே மறுபடி சொன்னார். ஹிஸ் அவதூறு வழக்குப் போட்டார். அந்த வழக்கில் வெளிவந்த காகிதங்களே அவருக்கு எமனாகி, 1950இல் பொய்ச் சாட்சிக் குற்றத்துக்காக ஐந்து வருடத் தண்டனை வாங்கிக்கொடுத்தன.

கட்டுப்பாடு கைநழுவுவதும் உண்டு. 2012 மே 6 அன்று, ஒருபாலினத் திருமணத்தில் தனக்கு எந்தச் சங்கடமும் இல்லை என்று துணை அதிபர் பைடன் சொல்லிவைத்தார். அதுவரை மழுப்பிக்கொண்டிருந்த ஒபாமா மூன்றே நாளில் தன் ஆதரவை அறிவிக்கவேண்டி வந்தது. அவரைக் கேட்காமலே கேட்ட மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் ஒரு சின்னத் திருத்தம். வெல்கர் முதல் பெண் நெறியாளர் இல்லை. 1947 நவம்பர் 6 அன்று இது தொலைக்காட்சியில் தொடங்கியபோது நடுவில் இருந்தவர் மார்த்தா ரவுன்ட்ரீ. லாரன்ஸ் ஸ்பிவாக்கோடு சேர்ந்து நிகழ்ச்சியை உருவாக்கியவரும் அவரே. 1953இல் அவர் விலகினார். அந்த நாற்காலிக்கு இன்னொரு பெண் நிரந்தரமாக வர 2023 ஆகிவிட்டது.