மாசாமாசம் காசு கட்டி ட்ரெண்ட் ரிப்போர்ட் வாங்கலாமோ?

கேள்வி: அண்ணா வணக்கம், திருகோணமலை உப்புவெளியில ஆறு ரூம் கெஸ்ட் ஹவுஸ் ஒண்டு நடத்துறன். ஒரு கம்பெனிக்காரர் கோல் எடுத்து, பேஸ்புக் இன்ஸ்டாவில சனம் என்ன கதைக்குது எண்ட டேட்டாவ எடுத்து அடுத்த சீசன் ட்ரெண்ட் என்ன எண்டு ரிப்போர்ட் தாறம், மாசாமாசம் கட்டுங்க எண்டு கேக்கிறாங்க. வாற ஆக்களிட போன் நம்பரும் வேணுமாம். கட்டலாமோ?
- ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: இப்போதைக்கு கட்டாதீங்க தங்கச்சி. தொழில் பொய்யில்ல, இங்கிலாந்தில 2007ல தொடங்கின பிராண்ட்வாட்ச் எண்ட கம்பெனி இதே வேலைதான் செய்யுது, 2021ல 45 கோடி டொலருக்கு கைமாறினது. எல்லாரும் பாக்கிறமாதிரி போட்ட போஸ்ட், கமெண்ட், ரிவியூவ லட்சக்கணக்கில சேத்து, எந்தச் சொல்லு போன மாசத்தவிட கூட வருது, நல்லதா சொல்லியிருக்கா குறையா சொல்லியிருக்கா எண்டு மெஷின வச்சு எண்ணுவாங்க. பெரிய சோப்பு கம்பெனிக்கு அது சரிவரும். உங்கட ஆறு ரூமப் பத்தி வருசத்துக்கு எத்தின பேர் எழுதுவாங்க, அம்பது பேர்? ஒரு பின்னேரம் இருந்தா நீங்களே வாசிச்சு முடிச்சிடலாம்.

மற்றது எங்கட தமிழ். "சாப்பாடு அந்தமாதிரி" எண்டு ஒராள் எழுதினா அதவிட பெரிய பாராட்டு இல்ல, ஆனா மெஷின் அத பாராட்டு எண்டு பிடிக்கும் எண்டு நம்பேலாது, அதுவும் பாதிச் சனம் இங்கிலீஸ் எழுத்தில தமிழ அடிக்குது, இடையில சிங்களமும் வரும்.

கூகிளே பிழை விட்டிருக்கு. சனம் தேடுறத வச்சு புளூ காய்ச்சல் எவ்வளவு பரவுது எண்டு சொல்ல 2008ல வெளிக்கிட்டவங்க, 2012-13 சீசன்ல அமெரிக்காவில உண்மைக் கணக்கவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு சொல்லிப்போட்டு 2015ல நிப்பாட்டிட்டாங்க. தேடுற எல்லாருக்கும் காய்ச்சல் இல்லத்தானே. அதேமாதிரி நிலாவெளி பீச் படத்துக்கு லைக் போடுற எல்லாரும் ரூம் போடமாட்டாங்க.

காசில்லாம ஒரு வழி இருக்கு. எந்தச் சொல்ல எப்ப கூட தேடுறாங்க எண்டு காட்டுற கூகிள் ட்ரெண்ட்ஸ்ல ட்ரிங்கோ (திருகோணமலைதான்), நிலாவெளி எண்டு இங்கிலீஸ்ல அடிச்சு அஞ்சு வருசத்துக்கு பாருங்க, நாட்ட மாத்தி மாத்தியும் பாருங்க. எங்கட சீசன் மே தொடங்கி செப்டம்பர் மட்டும், ஆனா தேடுறது எந்த மாசம் ஏறத் தொடங்குது எண்டு அதில வாற கோட்டுப் படத்தில தெரியும், படம் போடுறதையும் விலை சொல்லுறதையும் அந்த மாசமே தொடங்குங்க. அடுத்தது, சுத்திவர இருக்கிற இடங்களிட ரிவியூக்கள வாசிங்க. நான் என்ட மச்சானுக்காக ஒரு கொப்பியில கோடு போட்டுப் போட்டு எண்ணினன், ஏசி, பீச் எண்டு நாங்க நினைச்சதெல்லாம் பின்னுக்குப் போய், புறாத்தீவு போட் எத்தின மணிக்கு எண்டதும் குளிக்கிற தண்ணி உப்பு எண்டதும்தான் திரும்பத் திரும்ப வந்துது. மச்சான் போட் நேரத்த ஒரு மட்டையில எழுதி ஒவ்வொரு ரூம் கதவிலயும் ஒட்டினார், பாத்ரூமில நல்ல தண்ணி வாளி ஒண்டு வச்சார்.

அப்பிடியும் கம்பெனிதான் வேணுமெண்டா, போன சீசனுக்கு ஒரு ரிப்போர்ட் செய்து காட்டச் சொல்லுங்க, ஒவ்வொரு முடிவுக்கும் எந்தப் போஸ்ட்ட பாத்தீங்க எண்டும் கேளுங்க. காட்டாட்டி விடுங்க.

போன் நம்பர் கேட்டதுதான் எனக்குக் கோவம். சனம் பொதுவில எழுதினத எண்ணுற கம்பெனிக்கு உங்கட விருந்தாளியிட நம்பர் என்னத்துக்கு? அவங்க அத ரூமுக்காக உங்கள நம்பித் தந்தது. தனிப்பட்ட தரவுகளப் பாதுகாக்க எங்கட நாட்டில 2022ம் ஆண்டு 9ம் இலக்கச் சட்டமும் இருக்கு. ரெஜிஸ்டர் புத்தகத்த போட்டோ எடுக்கக்கூட விடாதீங்க.