எதற்காக நடக்கிறீர்கள்? சிங்கப்பூர் இயற்கைப் பூங்காக்கள்: கேள்வி பதில்

ஈசூன் வாசகி: ஜிம்மிலும் வேர்க்கத்தானே செய்கிறது? கொசுக்கடி வாங்கக் காட்டுக்குப் போகணுமா?

பதில்: கலோரிதான் கணக்கென்றால் ஜிம்மே போதும். என்னோடு நடக்க வருகிறவர்களில் எடை குறைக்க வந்தவர்கள்தான் முதலில் நின்றுபோகிறார்கள். அரட்டைக்கு வந்தவர்கள் வருஷக்கணக்காக வருகிறார்கள். நடக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை பாருங்கள், மாமியார் சண்டையிலிருந்து வேலை போன கதைவரை தானாக வாயில் வந்துவிடும்.

ஜூரோங் நண்பர்: புக்கிட் தீமா உச்சியே 163 மீட்டர்தான். அதில் ஏறி என்ன சாதனை?

பதில்: முதுகில் கனத்த பையோடு அதே குன்றை விடாமல் ஏறி இறங்குகிறவர்களைக் கேளுங்கள். மலேசியாவின் 4,095 மீட்டர் கினபாலு மலைக்குப் பயிற்சி என்பார்கள். மற்றவர்களுக்கு உச்சிப் பாறையில் ஒரு செல்ஃபி. சிரிக்காதீர்கள், செல்ஃபிக்காக ஏறினாலும் மூச்சு வாங்கத்தான் செய்யும்.

தெம்பனிஸ் அம்மா: பையன் ஐபேடை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறான்.

பதில்: "நடக்கப் போகலாம்" என்று கூப்பிட்டால் எந்தப் பிள்ளையும் வராது. தேடுவதற்கு ஏதாவது கொடுங்கள். 1854இல் புக்கிட் தீமாவில் தங்கிய ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் வாலஸ், சின்ன வட்டாரத்துக்குள்ளேயே ஏறக்குறைய 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவில் அவர் பெயரில் கல்வி நிலையமே இருக்கிறது. விழுந்து மக்கிய மரம் தென்பட்டால் வண்டு இருக்கிறதா என்று பையன் குனிந்து பார்க்கட்டும், பிடிக்க வேண்டாம். பிளாஸ்டிக் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள். அதில் தின்பண்டம் இருக்கும் என்பது குரங்குகளுக்கு மனப்பாடம்.

அங் மோ கியோ வாசகர்: அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கம்பத்தில், அதாவது அந்தக்காலக் கிராமத்தில் வளர்ந்தவர். எங்கே கூட்டிப்போகலாம்?

பதில்: தாம்சன் இயற்கைப் பூங்கா. சீனாவின் ஹைனான் தீவுக்காரர்களின் கிராமம் இருந்த இடம், 2019இல் பூங்காவாகத் திறந்தார்கள். வாசற்படி இருக்கும், மேலே வீடு இருக்காது. சுவர்மேல் மரவேர் படர்ந்திருக்கும். ரம்புத்தான் தோட்டம் இருந்த இடமும் உண்டு. கம்பத்து மனிதர்கள் அங்கே நடப்பதைவிட நின்று பேசுவதுதான் அதிகம், அவசரப்படுத்தாதீர்கள்.

செங்காங் வாசகி: எனக்குத் தனியாக இருக்கணும். ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாலும் கூட்டம்.

பதில்: வேலைநாள் காலையில் செஸ்ட்னட் இயற்கைப் பூங்கா பக்கம் போங்கள். 81 ஹெக்டேர், சைக்கிளுக்குத் தனிப்பாதை, மணி அடித்து யாரும் ஒதுங்கச் சொல்ல மாட்டார்கள். புக்கிட் தீமா போன்ற காப்புக்காடுகளில் குவியும் கூட்டத்தைப் பிரித்துவிடவும்தான் சுற்றிலும் இப்படிப் பூங்காக்கள் அமைத்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள், இடி கேட்டால் திரும்பிவிடுங்கள்.