வால்பாறையா, கொல்லிமலையா? 24 மணி நேர பைக் ராலிக்குப் பாதை போடுவது எப்படி

கேள்வி: அண்ணா, ஈரோட்டில் தொடங்கி ஈரோட்டிலேயே முடியும் பைக் ராலி ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஆடி மாதம், சனி காலை 6 மணி முதல் ஞாயிறு காலை 6 மணி வரை. முப்பதுக்கும் மேல் இடங்கள் இருக்கின்றன. எதற்கு வேண்டுமானாலும் போகலாம், போய்ப் படம் எடுத்தால் புள்ளி. வால்பாறைக்கு 1200, கொல்லிமலைக்கு 1000, மேட்டூர் அணைக்கு 300, பவானிசாகருக்கும் அமராவதிக்கும் தலா 250, ஆழியாறுக்கு 200. நான்கு அணையும் எடுத்தால் கூடுதலாக 400. மலையும் அணையும் பகல் வெளிச்சத்தில் எடுத்தால்தான் செல்லும். மற்ற ஊர்களுக்கு 50 முதல் 100 வரை. இரவு 10 மணிக்கும் காலை 4 மணிக்கும் நடுவில் தொடர்ந்து 3 மணி நேரம் ஓய்வெடுத்தால் 600. தாமதமானால் நிமிடத்துக்கு 10 புள்ளி கழிப்பார்கள், அரை மணிக்கு மேல் போனால் கணக்கிலேயே இல்லை. என்னுடையது 350 சிசி வண்டி, 13 லிட்டர் டேங்க். வால்பாறை, கொல்லிமலை இரண்டையும் எடுத்துவிட முடியுமா?
- கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: முடியாது. ஏன் முடியாது என்பதைப் பார்த்தாலே உங்கள் பாதையில் பாதி கிடைத்துவிடும்.

கொல்லிமலையை முதலில் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். காலை 6 மணிக்குக் கிளம்பி, மேலே போய்ப் படம் எடுத்துக்கொண்டு நாமக்கல் திரும்ப 11:30 ஆகும். அங்கிருந்து கரூர், தாராபுரம், உடுமலை வழியாகப் பொள்ளாச்சி சேர மாலை 3:30. ஆழியாறு வனத்துறைச் சோதனைச்சாவடிக்கு 4 மணி, 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறையில் நிற்கும்போது 6 மணி. ஆடி மாத மழை மூட்டத்தில் அந்த நேரத்துக்கு அங்கே பகல் வெளிச்சம் இருக்கும் என்று நம்பக் கூடாது. இறங்குவதும் இருட்டில், நனைந்த சாலையில், யானை நடமாடும் காட்டில். நடுவில் ஒரு பஞ்சர் ஆனாலும் எல்லாம் போச்சு. ஆகவே இரண்டில் ஒன்று.

எந்த ஒன்று என்று தீர்மானிக்க, பட்டியலில் இருக்கும் புள்ளியை அப்படியே பார்க்காதீர்கள். அந்த இடத்துக்காகப் பாதையிலிருந்து விலகினால் எத்தனை மணி நேரம் செலவாகிறதோ, அதால் புள்ளியை வகுத்துப் பாருங்கள். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போய்த் திரும்ப, நிற்பதையும் சேர்த்து நாலே முக்கால் மணி நேரம் வைக்கலாம். 1200 புள்ளி என்றால் மணிக்கு 250 சொச்சம். நாமக்கல்லில் விலகி, கொல்லிமலை ஏறி இறங்கி ராசிபுரம் சேர 4 மணி நேரம். 1000 புள்ளி, அதுவும் மணிக்கு 250. இப்போது திருச்செங்கோட்டைப் பாருங்கள். நாமக்கல் போகும் வழியிலேயே இருக்கிறது, மலையடிவாரத்தில் நிறுத்திப் படம் எடுக்கப் பத்து நிமிடம். அதற்கு 100 புள்ளி இருந்தால் மணிக்கு 600 ஆகிறது! பெரிய எண்ணைத் துரத்துகிறவர்கள் வழியில் கிடக்கும் இந்தச் சின்ன இடங்களைக் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். நீங்கள் விடாதீர்கள்.

ஓய்வுக்கான 600 புள்ளியையும் இதே கணக்கில் போடுங்கள். மணிக்கு 200. மலை ஏறுவதற்குக் கிட்டத்தட்ட சமமான புள்ளி, படுத்திருப்பதற்குக் கிடைக்கிறது. அதை விட்டுவிட்டு இரவெல்லாம் ஓட்டுவதில் எந்த வீரமும் இல்லை. உடம்பு மிகவும் தளர்ந்து கண் செருகுவது அதிகாலை 2 மணிக்கும் 5 மணிக்கும் இடையில்தான். தூக்கத்தைப் பாதையில் ஓர் ஊராகவே குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, இரண்டு மலைக்கும் விகிதம் ஒன்றுதான் என்றால் எதைப் பிடிப்பது? தாளில் பார்த்தால் வால்பாறை ஒரு படி மேலே. காலையில் நேராகப் பொள்ளாச்சி போய், வால்பாறை, ஆழியாறு, அமராவதி எடுத்தால் மாலைக்குள் 1650. கொல்லிமலை, மேட்டூர், பவானிசாகர் என்று போனால் 1550. இருந்தாலும் நான் கொல்லிமலையைத்தான் சொல்வேன். ஆடி என்பது தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் காலம். வால்பாறைக்குப் பக்கத்துச் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. மழையும் பனிமூட்டமும் சேர்ந்தால் நாலே முக்கால் மணி ஆறு மணியாகிவிடும், விகிதம் 200-க்கு விழுந்துவிடும். இ-பாஸும் வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், நமக்கு ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஆழியாறு சாலை ஒன்றுதான். அந்தப் பக்கம் மளுக்கப்பாறை வழியாக இறங்கினால் கேரளத்துக்குள் போய்விடுவீர்கள். ஒரு மரம் சாய்ந்தால் மேலேயே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். கொல்லிமலையில் காரவள்ளிப் பக்கம் 70 வளைவு ஏறினாலும், முள்ளுக்குறிச்சிப் பக்கம் இறங்க இன்னொரு சாலை இருக்கிறது. ஏறிய வழியே திரும்பாமல், அடுத்த இடத்தை நோக்கி இறங்குகிறீர்கள். 100 புள்ளி குறைந்தாலும் கைக்கு வருவது உறுதி.

நான்கு அணைகளுக்கான கூட்டுப் புள்ளியும் ஆசை காட்டும். எல்லாம் சேர்த்து 1400 வருகிறது. ஆனால் மேட்டூர் வடக்கு மூலையில், ஆழியாறு தெற்கு மூலையில். பகல் முழுவதும் அதற்கே போகும், மலை கிடைக்காது. மூன்று அணை எடுத்து நாலாவது தவறினால் அந்த 400 மொத்தமாகப் போய்விடும். கூட்டுப் புள்ளியை எப்போதும் ஒரே துண்டாக எடைபோடுங்கள், பாதியில் விட்டால் பாதி கிடைக்காது.

அப்புறம் காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே இருக்கும் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அத்தனை காற்றாலைகள் அங்கே சும்மா நிற்கவில்லை. பிற்பகலில் மேற்கு நோக்கி ஓட்டினால் எதிர்காற்று பெட்ரோலைக் குடிக்கும். தெற்கு வடக்காக ஓட்டினால் பக்கக்காற்று வண்டியைத் தள்ளிக்கொண்டே இருக்கும், தோளும் கழுத்தும் சீக்கிரம் களைத்துவிடும். அதனால் பகலைக் கிழக்கிலும் வடக்கிலும் செலவழியுங்கள். காற்று சற்றுத் தணிந்த பிறகு தெற்கே வாருங்கள்.

இதெல்லாம் சேர்ந்தால் பாதை தானாக உருவாகிறது. ஈரோட்டில் கிளம்பி, திருச்செங்கோடு, நாமக்கல். டேங்கை நிரப்பிக்கொண்டு சேந்தமங்கலம், காரவள்ளி வழியாக ஏறினால் 9:30-க்கு மேலே. முள்ளுக்குறிச்சி, நாமகிரிப்பேட்டை வழியாக 11:30 அளவில் ராசிபுரம். சேலம் நகருக்குள் நுழையாமல் புறவழிச்சாலையில் சுற்றி, 1:30 மணி அளவில் மேட்டூர். அங்கிருந்து அம்மாபேட்டை வழியாகக் காவிரியை ஒட்டிய சாலையில் பவானி கூடுதுறை. அடுத்து உங்கள் கோபி, சத்தி, 5:30-க்குப் பவானிசாகர். ஆடியில் சூரியன் மறைய 6:45 ஆகும் என்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கையிருப்பு இருக்கிறது. பட்டியலில் திம்பம் மலைப்பாதை இருந்தால் அந்த நேரத்தில் அதன் பக்கம் திரும்ப வேண்டாம். 27 வளைவிலும் லாரிகள், போதாததற்கு இரவுத் தடை.

பவானிசாகரிலிருந்து புளியம்பட்டி, சேவூர், அவிநாசி. சனிக்கிழமை சாயங்காலம் திருப்பூரில் சம்பள நாள், ஊருக்குள் போகவே கூடாது. மங்கலம் வழியாகப் பல்லடம் பிடித்து, உடுமலை, பிறகு பழனி. 9:45-க்குப் பழனியில் இருப்பீர்கள். லாட்ஜுக்குக் குறைவில்லாத ஊர், ஆனாலும் ஆடிக் கிருத்திகைக் கூட்டம் இருக்கலாம் என்பதால் அறையை முன்பே சொல்லி வையுங்கள். படுப்பதற்கு முன் பெட்ரோல் போட்டு நேரம் அச்சான பில்லை வாங்குங்கள், எழுந்து கிளம்பும்போது அதே ஊரில் இன்னொரு பில். ஓய்வுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. எதைச் சாட்சியாக ஏற்பார்கள் என்று விதிமுறையில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 10:30-க்குப் படுத்து 2:30-க்கு எழுந்தால் நான்கு மணி நேரத் தூக்கம். எழுந்ததும் சாவியைத் திருகாதீர்கள். முகம் கழுவி, டீ குடித்து, தலை தெளியக் கால் மணி நேரம் கொடுங்கள்.

முடிவு நேரம் 6 மணி, உங்கள் முடிவு நேரம் 5:15. பழனி, தாராபுரம், காங்கேயம், ஈரோடு என்று ஏறக்குறைய 110 கி.மீ. சிவன்மலையையும் கொடுமுடியையும் இந்தக் கடைசித் துண்டில் வையுங்கள். காங்கேயத்தைத் தொடும்போது மணி 4 தாண்டவில்லை என்றால் இரண்டும் உண்டு. 4:15 என்றால் சிவன்மலை மட்டும். 4:30 என்றால் எதுவும் வேண்டாம், நேராக ஈரோடு. இந்த நேரங்களை ஒரு சீட்டில் எழுதி டேங்க் பையில் ஒட்டிவிடுங்கள். களைத்த மூளை "அஞ்சே நிமிஷம்" என்று ஆசை காட்டும், அதனிடம் முடிவை ஒப்படைக்கக் கூடாது. மேட்டூருக்கும் அப்படி ஒரு வெட்டு நேரம் வேண்டும்: பிற்பகல் 1 மணிக்கு இன்னும் ராசிபுரத்திலேயே நின்றால் மேட்டூரை விட்டுவிட்டு, சங்ககிரி வழியாக நேரே பவானிக்கு வந்துவிடுங்கள்.

மொத்தம் 600 கி.மீ. சொச்சம்தான் வருகிறது, குறைவாக இருக்கிறதே என்று தோன்றலாம். நெடுந்தூரம் பைக் ஓட்டுபவர்களுக்கான அமெரிக்காவின் அயர்ன் பட் சங்கம் கொடுக்கும் முதல் சான்றிதழ் 24 மணி நேரத்தில் 1000 மைலுக்கு, அதாவது 1,609 கி.மீ.க்கு. அது தூரத்துக்கான சோதனை. நான்குவழிச் சாலையில் பைக்குக்குச் சட்டப்படியான உச்ச வேகம் 80. அந்த வேகத்திலேயே இடைவிடாமல் ஓட்டினாலும் அதற்கு 20 மணி நேரம் ஆகும். அதே சங்கத்தின் பேரில் 11 நாள் நடக்கும் ராலியில், உங்கள் போட்டியைப் போலவே இடங்களைப் பொறுக்கி எடுப்பதில்தான் ஆட்டம் இருக்கிறது. உங்களுக்குக் கிலோமீட்டருக்குப் புள்ளி கிடையாது.

பெட்ரோலுக்கு நாமக்கல், பவானி, பழனி போதும். லிட்டருக்கு 30 என்று குறைத்து வைத்தாலும் டேங்க் 390 கி.மீ. தாங்கும். சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை எல்லாவற்றையும் அதே நிறுத்தங்களில் முடியுங்கள். பன்னிரண்டு நிமிட நிறுத்தம் ஐந்து கூடினால் ஒரு மணி நேரம் போய்விடும், அது உங்கள் கணக்கில் 250 புள்ளி.

ராலிக்கு முன் ஒரு வார இறுதியில் நாமக்கல்லிலிருந்து காரவள்ளி ஏறி முள்ளுக்குறிச்சி இறங்கும் துண்டை மட்டும் ஓட்டிப் பாருங்கள். நான் சொன்ன 4 மணி நேரத்தை அடித்துவிட்டு உங்கள் நேரத்தை எழுதுங்கள். நாலரையைத் தாண்டினால் மேட்டூரை இப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.