முதல் படை சேர்க்கிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

சின்னச் சிப்பாய் உருவங்களை ஒட்டி, நிறம் பூசி, மேசையில் வைத்து ஆடுகிற மினியேச்சர் யுத்த விளையாட்டு பற்றி நம்ம கிழக்கிலங்கைப் பக்கத்து ஆட்கள் அனுப்பிய கேள்விகளில், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு உதவக்கூடிய சிலதை எடுத்திருக்கிறேன்.

அண்ணா, எதிர்கால விண்வெளி யுத்தத்தை வைத்து ஆடுகிற வார்ஹாமர் 40,000 தொடங்க ஆசை. 2000 புள்ளிப் படை ஒன்று சேர்க்க வேண்டும். எந்தப் படை நல்லது? (கல்லடி)

ஒவ்வொரு உருவத்துக்கும் அதன் பலத்தைப் பொறுத்துப் புள்ளி உண்டு, அதைக் கூட்டித்தான் படையின் அளவைச் சொல்வது. 2000 புள்ளியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள் தம்பி. அது போட்டிகளுக்கு வழக்கமாக வைக்கிற அளவு. அவ்வளவையும் வாங்கி வைத்தால் பாதி பெட்டிக்குள்ளேயே கிடக்கும். எந்தப் படை என்பதற்கு முன்னால் யாரோடு விளையாடப் போகிறீர்கள் என்று யோசியுங்கள், ஏனென்றால் கடைக்குப் போய் எதிராளி தேடுகிற வசதி நமக்கு இங்கே இல்லை, ஆளையும் நீங்களேதான் பிடிக்க வேண்டும். ஒரு மச்சானையோ கூடப் படிக்கிறவனையோ சேர்த்துக்கொண்டு, இரண்டு படைகளும் உள்ள தொடக்கப் பெட்டி ஒன்றைப் பாதிப் பாதிக் காசு போட்டு வாங்குங்கள். இல்லையென்றால் ஆளுக்கொரு காம்பட் பட்ரோல் பெட்டி, அதாவது ஒரு சிறு படை முழுதாக உள்ள பெட்டி. 2023இல் வந்த பத்தாம் பதிப்பு விதிகளில் அந்தப் பெட்டியில் இருப்பதை மட்டும் வைத்தே விளையாடத் தனி முறை இருக்கிறது, 44 அங்குலத்துக்கு 30 அங்குல இடம் போதும், சாப்பாட்டு மேசையே காணும்.

எந்தப் படை? பார்த்ததும் உங்களுக்குப் பிடிக்கிற படை. விளையாடுகிற நேரத்தைவிட நிறம் பூசுகிற நேரம்தான் அதிகம், பிடிக்காத உருவத்தோடு அவ்வளவு நேரம் உட்கார முடியாது. ஆனால் எண்ணிக்கையையும் பாருங்கள். ஓர்க், டைரனிட் படைகள் என்றால் கூட்டம் கூட்டமாக ஒட்டி முடிக்க வேண்டும், ஸ்பேஸ் மரீன் குறைவு, கஸ்டோடிஸ் இன்னும் குறைவு. நிறம் பூசுவதற்குப் பயப்படுகிறவர்களுக்கு நான் நெக்ரோன் என்ற உலோக எலும்புக்கூட்டுப் படையைத்தான் சொல்வேன்: வெள்ளி நிறம் ஒரு பூச்சு, அதன் மேல் கறுப்பு வாஷ் (பள்ளங்களில் படிகிற தண்ணீர் மாதிரிப் பெயின்ட்), கண்ணுக்குக் கொஞ்சம் பச்சை, அவ்வளவுதான்.

நானா, கையில் பெரிதாகக் காசு இல்லை. என்ன வழி? (ஏறாவூர்)

வழி நிறைய இருக்கிறது. ஒன் பேஜ் ரூல்ஸ் என்ற விதிமுறையின் அடிப்படைப் பகுதி இலவசம், எந்த நிறுவனத்தின் உருவத்தையும் வைத்து விளையாடலாம். 1/72 அளவுச் (உண்மை அளவில் 72இல் ஒரு பங்கு) சிப்பாய்ப் பெட்டிகள் மலிவு, ஒரு பெட்டியிலேயே ஒரு சிறு படை வந்துவிடும். அந்தப் பிளாஸ்டிக் மென்மையானது என்பதால் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவைத்துத்தான் நிறம் பூச வேண்டும், இல்லையென்றால் உரிந்துவிடும். இதைவிட முக்கியமான ஒன்று: எதையும் வாங்குவதற்கு முன்னால் உருவங்களுக்குப் பதிலாக மட்டையில் 32 மில்லிமீற்றர் வட்டங்கள் வெட்டி, பெயர் எழுதி, சில ஆட்டம் ஆடிப் பாருங்கள். வாங்க நினைத்த படை உங்களுக்கு ஒத்து வருமா என்று அதிலேயே தெரிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து எடுப்பதாக இருந்தால், தபால் செலவும் சுங்க வரியும் என்ன வரும் என்று கேட்டுவிட்டு ஓடர் பண்ணுங்கள்.

நிறம் பூசுவதற்கு முன் அடிப்பூச்சாக ஸ்பிரே பிரைமர் அடித்தால் மாவு பூசினது மாதிரி வெள்ளையாக நிற்கிறது. டப்பா பழுதா? (கல்முனை)

டப்பாவில் பிழை இல்லை, காற்றில்தான். மாரி காலத்தில் ஈரப்பதம் கூட, அது பூச்சில் சேர்ந்து வெளிறிப் போகும். கச்சான் அடிக்கிற மாதங்களில் வேறு தொல்லை: சூட்டுக் காற்றில் பெயின்ட் துளி உருவத்தில் படுவதற்கு முன்னமே காய்ந்து, மணல் தூவின மாதிரிச் சொரசொரப்பாக வரும். ஸ்பிரேதான் வேண்டும் என்றால் வெயில் ஏறி ஈரம் போன, காற்று அதிகம் இல்லாத காலை நேரம் பாருங்கள், டப்பாவை இரண்டு நிமிடமாவது நன்றாகக் குலுக்கி, ஒரு சாண் தூரத்துக்கு மேல் பிடித்து, விட்டு விட்டு அடியுங்கள். பூட்டிய அறைக்குள் அடிக்கவே வேண்டாம். நம்ம ஊருக்கு நான் பரிந்துரைப்பது தூரிகையால் பூசுகிற பிரைமர். மெல்லிசாக இரண்டு பூச்சு, எந்த மாதத்திலும் வேலை செய்யும்.

பெயின்டும் தட்டில் சட்டென்று காய்ந்துவிடும். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஈர டிஷ்யூ விரித்து, மேலே கேக் சுடும்போது தட்டில் விரிக்கிற பேப்பர் போட்டு, அதில் பெயின்டை வைத்துக் கலந்தால் நீண்ட நேரம் தாங்கும். டிஷ்யூவை அடிக்கடி மாற்றுங்கள், இந்தச் சூட்டில் பூஞ்சணம் பிடிக்கும்.

எந்தப் பசை? (காத்தான்குடி)

கடினப் பிளாஸ்டிக்குக்கு பிளாஸ்டிக் சிமெந்து, அது இரண்டு துண்டையும் உருக்கி ஒன்றாக்கிவிடும். ரெசின், உலோகம் என்றால் சுப்பர் குளூ. சுப்பர் குளூவை இறுக்கி மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு டப்பாவில் வையுங்கள், ஈரம் பட்டால் இறுகிவிடும்.

உருவம் நிற்கிற அடித்தட்டுக்குக் கடற்கரை மணல் போடலாமா? (பாசிக்குடா)

போடலாம், ஆனால் நல்ல தண்ணீரில் பல தரம் அலசி, காயவைத்து, அரித்துவிட்டுப் போடுங்கள். உப்பு நின்றால் பிறகு ஈரத்தை இழுத்து வெள்ளை பூக்கும். காய்ந்த புல்லுக்குத் தென்னந்தும்பைப் பொடியாக வெட்டி ஒட்டுங்கள், காசு கொடுத்து வாங்குவதைவிட அழகாக இருக்கிறது. மேசைக்கு மலை செய்ய ரெஜிபோம் எடுத்தால் அதன் மேல் நேரே ஸ்பிரே அடிக்காதீர்கள், கரைந்து குழி விழும். முதலில் வெள்ளைப் பசையில் பெயின்ட் கலந்து பூசி மூடிவிடுங்கள்.

அண்ணா, அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. பட்டது போதாதா, வீட்டுக்குள் துவக்கும் சண்டையுமா என்கிறா. (வாழைச்சேனை)

அம்மா சொல்வதில் பிழை இல்லை தங்கச்சி. இந்த மாவட்டத்தில் அவவின் வயதுக்காரர் யாருக்கும் யுத்தம் என்ற சொல் விளையாட்டுச் சொல் இல்லை. வாதாட வேண்டாம். இந்தக் காலத்துச் சீருடை போட்ட சிப்பாய், டாங்கி எதையும் வாங்காதீர்கள். ஏஜ் ஒஃப் சிக்மார் மாதிரி கற்பனை உலகம் எடுங்கள், மரமனிதர், பல்லி வீரர், எலும்புக்கூடு என்று எத்தனையோ இருக்கிறது. நிறம் பூசும்போது அவவின் கண்ணில் படுகிற இடத்தில் இருந்து பூசுங்கள், எந்த நிறம் நல்லது என்று கேளுங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் ஆட்டத்தைச் சிநேகிதி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

முழுப் படைக்கும் நிறம் பூசாமல் விளையாடலாமா? (அக்கரைப்பற்று)

தாராளமாக. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இடையில் ஒரு அணியை முடியுங்கள், அதை முடிக்காமல் அடுத்த பெட்டி வாங்க வேண்டாம்.