பழைய வண்ணாரப்பேட்டை மாடிக்கு எந்த மாதம் தளம் போடலாம்?

கேள்வி: எங்களுடையது தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடு. மாடி ஒழுகுகிறது. "மழை ஐப்பசியில்தானே, ஜூனில் வேலையை ஆரம்பிக்கலாம்" என்கிறார் கொத்தனார். ஆரம்பிக்கலாமா?

பதில்: ஜூன் வேண்டாம். பொங்கல் முடிந்து ஒரு வாரம் கழித்துத் தொடங்கி, பங்குனி பாதிக்குள் முடித்துவிடுங்கள்.

கொத்தனார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கிடைப்பதுதான். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்துவிடுகிறது. பெரும்பாலும் நாம் படுத்த பிறகு பெய்வதால் அது கணக்கிலேயே வருவதில்லை.

அந்த மாதங்களில் காலையிலிருந்தே மேற்குக் காற்று அனலாக அடிக்கும். மதியம் வாக்கில் கடற்காற்று ராயபுரம், காசிமேடு பக்கமாக உள்ளே நுழையும். இரண்டும் திருவள்ளூர், அரக்கோணம் பக்கம் முட்டிக்கொள்ளும் இடத்தில் இடிமேகம் எழும்பும். உயரத்தில் வீசும் மேற்குக் காற்று அதை அப்படியே கடலை நோக்கித் தள்ளிக்கொண்டு வரும். வழியில் நம் மாடி. நான்கு மணிக்குப் பளிச்சென்று வெயில் இருந்தது, ஆட்கள் சட்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள், பத்து மணிக்குக் கொட்டித் தீர்த்தது என்று ஒவ்வொரு வருடமும் கேட்கிறேன்.

உங்கள் வீட்டுக்கு இதில் ஆபத்து அதிகம். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் அடுக்கிய கூரை அது. பழைய தட்டோட்டின் (மேலே பதிக்கும் தட்டை ஓடு) மேலேயே புதிய தட்டோடு பதித்தால் உத்தரம் பாரம் தாங்காது. யார் சொன்னாலும் அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். பழையதைப் பெயர்த்து எடுத்துத்தான் ஆகவேண்டும். அப்புறம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, கட்டையால் நாட்கணக்கில் தட்ட வேண்டும். தட்டோடு பதித்து முடிக்கும்வரை வீட்டின் தலை திறந்தே கிடக்கும். அந்த நேரத்தில் ஒரே ஒரு ராத்திரி மழை போதும், சுண்ணாம்பு கரைந்து கூடத்துச் சுவரில் வெள்ளையாக இறங்கும். உத்தரத்தின் முனை சுவருக்குள் ஊறிப்போனால் வெளியே தெரியாமலே உளுக்கும்.

பிப்ரவரியிலும் மார்ச்சிலும் இங்கே மழை மிகக் குறைவு. காலைப் பனி மட்டும் இருக்கும். தளத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள், ஈரம் பிசுபிசுத்தால் வெயில் ஏறியபின் தொடங்கச் சொல்லுங்கள். மே மாதமும் சரிப்படாது. மழைக்கு அஞ்சிச் சொல்லவில்லை, அக்னி நட்சத்திர வெயிலில் கலவை சட்டென்று காய்ந்து வெடித்துவிடும். டிசம்பரை நம்பவே வேண்டாம். வர்தா புயல் வந்தது 2016 டிசம்பர் 12. மிக்ஜாம் புயல் மழை 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் வடசென்னையை மூழ்கடித்தது.

தண்ணீர் விஷயத்தில் கறாராக இருங்கள். கடலோரத்தில் பல போர்வெல்களில் உப்புத் தண்ணீர்தான் வருகிறது. அதைக் கலவைக்கும் நனைப்பதற்கும் ஊற்றினால் தளம் உப்புப் பூத்து உதிரும். செலவானாலும் நல்ல தண்ணீர் லாரிக்குச் சொல்லிவிடுங்கள்.

அதுவரை இந்த மழைக்காலத்தை ஓட்ட வேண்டுமே? செப்டம்பருக்குள் மாடித் தண்ணீர் இறங்கும் குழாயைத் திறந்து பாருங்கள். தொண்டையார்பேட்டையில் ஒரு வீட்டில் வேப்பிலைச் சருகு, பட்டத்து நூல், அதற்கும் கீழே ஒரு டென்னிஸ் பந்து என்று எடுத்தோம். பாதி ஒழுகல் அன்றைக்கே நின்றது. கைப்பிடிச் சுவர் ஓரத்தில் அரசங்கன்று முளைத்திருந்தால் வேரோடு எடுத்து, அந்த இடுக்கைச் சுண்ணாம்புக் கலவையால் அடையுங்கள். வேலை முடிந்ததும் சோதிக்கிறோம் என்று தளத்தில் தண்ணீர் தேக்கி நிறுத்துவார்கள். கான்கிரீட் வீட்டுக்கு அது சரி. உங்கள் மரக்கூரைக்கு வேண்டாம், வாளி வாளியாக ஊற்றி, கீழே இருந்து உத்தரத்தின் ஓரங்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.